இடக்கால் பூதங்கள்

நடுவுநிலைமை என்பது அறங்களுள் அரியது. அதை நீதிமன்றத்தில் தேடுவோர் உண்டு; பஞ்சாயத்தில் தேடுவோர் உண்டு; பங்காளிகளிடம் தேடிக் களைத்தோரும் உண்டு. ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரத்தில், காலணியின் மேற்பகுதி தைக்கும் ஆலையொன்றில், இரண்டாம் வரிசையின் கடைசி மேசையில் அது பல்லாண்டுகளாகக் குடியிருப்பதை அறிந்தோர் சிலரே. இடக்காலுக்கு ஒரு நீதி, வலக்காலுக்கு ஒரு நீதி என்பது அம்மேசையில் கிடையாது. மேசைக்கு உரியவள் பெயர் தேவகி.

அவள் தொழிலைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்லுதல் இயலாது. தையல் இயந்திரங்களிலிருந்து இடக்கால் மேற்பகுதிகள் ஒரு கூடையிலும் வலக்கால் மேற்பகுதிகள் மற்றொரு கூடையிலுமாக அவளிடம் வந்து சேரும். மாட்டுக்கு முதுகில் ஒரு நிறமும் வயிற்றில் ஒரு நிறமும் இறைவன் அருளியிருக்கிறான். காலணி வாங்கும் ஐரோப்பியனுக்கு அந்த அருள் பிடிப்பதில்லை. ஆகவே இடத்தையும் வலத்தையும் விளக்கொளியில் அருகருகே கிடத்தி, நிறமும் தடிப்பும் சுருக்கமும் ஒத்தவற்றை மட்டும் ஜோடி சேர்த்து முடிச்சிட வேண்டும். ஆலை இதனைப் 'பேரிங்' என்கிறது. தேவகிக்கோ இது வேதம். திருமணத்துக்குச் சென்றாலும் அட்சதை தூவுமுன் மணமக்களை ஏற இறங்கப் பார்த்து, "மாப்பிள அர சைஸு ஜாஸ்தி" என்று தீர்ப்பு வழங்கிவிட்டே தூவுவாள். இருபது ஆண்டுகளுக்கு முன் தன்னை மணந்த கோதண்டபாணியை எவ்வாறு ஏற்றுக்கொண்டாள் என்று கேட்டவர்களுக்கு, அப்போது தான் வேலைக்குச் சேரவில்லை என்று விடையளித்திருக்கிறாள்.

அவளது ஊர், ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடியில் கிடக்கும் கேணிப்பட்டு. நிலக்கடலையும் நெல்லும் விளையும் அவ்வூரிலிருந்து பன்னிரண்டு பெண்கள் ஆலைக்கு வருகிறார்கள். ஆலைப் பேருந்து அவர்களை ஊருக்குள் கொண்டுசென்று இறக்குவதில்லை. கூட்ரோட்டில், சாலைகள் பிரியும் இடத்தில், இறக்கிவிட்டு நல்வழி காட்டும். அந்த நல்வழியில் முதலில் ஒரு மதுக்கடை, அடுத்து விளக்கில்லாத மாந்தோப்பு, அதற்கடுத்து ஏரிக்கரை, அதன்பின் ஊர். காலையில் அது நடை. மாலையில் அது நோன்பு. மதுக்கடையிலிருந்து வெளிவருவோர் கவி பாடும் இயல்பினர். அக்கவிகளுக்குப் பொழிப்புரை எழுதுவது நாகரிகமன்று. ஆவணி மாதத்தில் ஒருநாள் அக்கவிஞருள் ஒருவன் ஜோதி என்னும் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டான். ஜோதிக்கு வயது இருபது. தேவகியின் பக்கத்து வீடு. தையல் வரிசையில் விரல் வேகம் மிக்கவள். துப்பட்டாவை இழுத்தவனுக்குத் தண்டனை ஏதுமில்லை. ஜோதிக்குத்தான் தண்டனை கிடைத்தது: தீபாவளிக்குமேல் வேலைக்குப் போக வேண்டாம் என்று தந்தை சொல்லிவிட்டார். அவ்வாறே மேலும் நான்கு வீடுகளில் பேச்சு எழுந்தது.

பேருந்து ஊருக்குள் வந்தால் இப்பேச்சு ஓயும். வராவிட்டால் ஜோதி வீட்டோடு நின்றுவிடுவாள். செய்தி இவ்வளவு எளியது. எளிய செய்தியாதலின் நிர்வாகத்துக்கு அது விளங்கவில்லை. மூன்று முறை மனு எழுதினார்கள். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற விடை, அதே எழுத்துருவில், அதே கையொப்பத்துடன் வந்தது. பேருந்தின் ஓட்டுநர் சின்னசாமியோ பரிசீலனைக்கே இடம் வைக்கவில்லை.

"ஊருக்குள்ள வண்டி திரும்பாதும்மா. கோயிலாண்ட வளைவு இருக்குது பாரு, அங்க மாட்டிக்கினா கிரேன்தான் வரணும். அப்புறம் என் வேலைய யாரு பாப்பாங்க?"

அவர் கேணிப்பட்டுக் கோயிலைக் கண்டதே இல்லை என்பது வேறு விஷயம். ஞானிகள் காணாமலே அறிவர்.

இந்நிலையில் ஆலையின் மனிதவள அதிகாரி ஜெயப்பிரகாஷ் பெங்களூருக்குப் பயிற்சிக்குச் சென்று வந்தார். மனுக்களுக்கு விடை சொல்லத் தெரியாதவராகச் சென்றவர், மனுக்களே எழாமல் செய்யத் தெரிந்தவராகத் திரும்பினார். உணவுக்கூடத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்:

"எம்ப்ளாயீ சந்தோஷமா இருந்தாதான் ப்ரொடக்‌ஷன் ஏறும். லஞ்ச்ல பாக்கறேன், எல்லாரும் ஒரே கேம்தான் ஆடறீங்க. அதையே காம்பெடிஷனா வெக்கப்போறோம். செக்‌ஷனுக்கு ஒருத்தர். ஜெயிக்கிற செக்‌ஷன் ஒரு ரிக்வெஸ்ட் கேக்கலாம். எதுவேணா கேளுங்க. மேனேஜ்மென்ட் பாசிட்டிவா கன்சிடர் பண்ணும்."

ஒற்றைக்காலில் நின்று தவம்புரிந்து அசுரர்கள் வரம் பெற்ற கதைகளைப் பலவாறு கேட்டிருக்கிறோம். அசுரர்களை வளர்த்து மனிதர்கள் வரம் பெறும் முறையை உலகுக்கு வழங்கிய பெருமை இந்த ஆலையையே சாரும்.

அவர் குறிப்பிட்ட விளையாட்டுக்கு அதைச் செய்தவர்கள் சூட்டிய பெயர் எந்த நாவிலும் நிற்பதில்லை. ஆலையில் அது 'பூத கேம்'. கைபேசியுடன் நடந்தால், தெருவிலும் மேட்டிலும் ஏரியிலும் உலவும் பூதங்கள் திரையில் தோன்றும். அவற்றைப் பிடித்து, ஊட்டி, பயிற்றி, ஆறு பூதங்களைக் கொண்ட படை அமைக்க வேண்டும். பின்னர் எதிரியின் ஆறோடு ஒவ்வொன்றாக மோதவிட வேண்டும். நீர்ப்பூதம் நெருப்புப் பூதத்தை அடக்கும். நெருப்பு மரத்தை எரிக்கும். மரம் நீரைக் குடிக்கும். இடி நீரைப் பிளக்கும். மண் இடியை விழுங்கும். எனவே ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும்படி, ஒன்றோடொன்று ஒவ்வாத ஆறினைத் தேர்வதே படையமைப்பின் சூட்சுமம். ஆலையில் அனைவரும் இதை அறிவர். தேவகி மட்டும் அறியாள். ஒவ்வாமை என்பது அவள் மேசையில் கழிவுக்கூடைக்குப் போகும் குற்றமன்றோ!

ஆயினும் இரண்டாம் வரிசையின் சார்பில் அவளே களம்புகுவது என்று முடிவாயிற்று. அவள் கேட்கப்போகும் வரம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் மறுக்கவில்லை. விளையாட்டைக் கற்றுத்தரும் பொறுப்பைப் பக்கத்து இயந்திரத்துப் பில்கிஸ் ஏற்றாள். பில்கிஸ் ஆம்பூர்க்காரி, வீடு ஆலைக்கு அருகே, பேருந்தால் அவளுக்கு ஆவதொன்றுமில்லை. தோழமைக்காக வந்தவள், ஒரு வாரத்திலேயே வருந்தத் தொடங்கினாள்.

"அக்கா, இன்னாக்கா இது? ரெண்டு கரிப்பல்லி வெச்சினுருக்க?"

"ஒண்ணு வலது. ஒண்ணு இடது."

"பல்லிக்கு ஏதுக்கா வலது இடது?"

"உத்துப் பாரு. இதுக்கு வாலாண்ட புள்ளி வலப்பக்கம் கீது. அதுக்கு இடப்பக்கம்."

பில்கிஸ் கைபேசியை மூக்கருகே கொண்டுசென்று பார்த்தாள். உண்மையாகவே புள்ளிகள் அவ்வாறே இருந்தன. விளையாட்டைப் படைத்தவர்களுக்கும் தெரிந்திராத புள்ளிகள் அவை.

"யா அல்லா! அக்கா, இது சண்ட போடற ஜந்து. இத யாரும் கால்ல மாட்டிக்கப் போறதில்ல."

"ஜோடி இல்லாத சரக்க நான் டப்பால வெக்க மாட்டேன். அவ்ளோதான்."

இவ்வாறாக ஒரு படை உருவாயிற்று. ஆறு இடங்கள்; மூன்று ஜோடிகள். நெருப்புக்குக் கரிப்பல்லி இரண்டு, இடிக்கு இடிக்காகம் இரண்டு, நீருக்கு நீரெருமை இரண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் தேவகி சம உணவு இட்டாள். சம பயிற்சி தந்தாள். வலது ஒரு படி உயர்ந்தால் இடதும் அதே படியை எட்டும்வரை வலதைப் பட்டினி போட்டாள். பங்காளிச் சொத்தைப் பிரித்த எந்த நடுவரும் இத்துணை நேர்மை காட்டியதில்லை. வழியில் ஆற்றல் மிகுந்த மூன்றாவது கரிப்பல்லி ஒன்று தானாகவே வந்து அகப்பட்டது. ஆலையில் எவரிடமும் அத்தகையது இல்லை. தேவகி அதன் வாலைப் பார்த்தாள், சற்றே வெளிறியிருந்தது. அதைக் காட்டுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"ஐயோ அக்கா! அது ஒண்ணே ஒம்போது பேர அடிக்கும்!"

"அடிக்கும். ஷேடு வராது."

பில்கிஸ் அன்று பிற்பகல் முழுதும் அந்தப் பல்லியைச் சொல்லிப் புலம்பினாள். இழவு வீட்டிலும் அவள் அத்துணை நேரம் புலம்பியவளல்லள்.

வலது இடிக்காகம் அகப்பட்ட வரலாறு தனியே உரைக்கத்தக்கது. ஒரு மாலை, பெண்கள் கூட்ரோட்டில் இறங்கி நடந்துவருகையில், சரியாக மதுக்கடையின் வாசலில் அது திரையில் தோன்றியது. இடது காகத்தை வைத்துக்கொண்டு துணைக்கு ஏங்கியிருந்த தேவகி, கவிஞர் குழாத்தின் நடுவே நின்று, கைபேசியை நெற்றிக்கு நேரே உயர்த்தினாள். ஒருவன் அதைக் கண்டான். "டேய், வீடியோ எடுக்குதுடா!" என்று அலறினான். லுங்கிகள் மடிந்தன, முகங்கள் மறைந்தன, ஒருவன் மின்கம்பத்தின் பின்னே ஒளிந்து, கம்பத்தைவிடத் தான் பருமன் என்பதை மறந்து நின்றான். அன்று அவ்வழி தபோவனம் போல் அமைதியுற்றது. மறுநாள் செய்தி பரவி, அது விளையாட்டுத்தான் என்று தெளிந்ததும், தவசிகள் மீண்டும் கவிஞர்களாயினர்.

நீரெருமைகளோ கேணிப்பட்டு ஏரியில் மட்டுமே கிடைப்பவை. விளையாட்டின் வரைபடத்தில் அவ்வேரிக்கு என்ன பெருமையோ, வேறெங்கும் காணாத நீர்ப்பூதங்கள் அங்கே திரிந்தன. மடைக்கு அருகே ஞாயிறு முழுதும் நின்று தேவகி அவ்விரண்டையும் பிடித்தாள். கோதண்டபாணி கடலைக்கொல்லைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, "இன்னாத்தத் தேடற?" என்று கேட்டான். "எரும" என்றாள். வீட்டில் எருமை இல்லை என்பதை அவன் அறிவான். ஆயினும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இல்லறத்தில் நல்லறம் அது.

போட்டியின் விதிமுறைகளை ஜெயப்பிரகாஷ் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். பதினேழு பக்கம், முழுதும் ஆங்கிலம். நூற்றுக்கு மேற்பட்டோர் உடனே கைகூப்பும் படத்தை இட்டு வணங்கினர். வணங்கினாரேயன்றித் திறந்தாரில்லை. மறைநூலுக்கு நாம் செய்யும் மரியாதையும் பெரும்பாலும் இத்தகையதே.

போட்டி, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை உணவுக்கூடத்தில் நடந்தது. சாம்பார் மணம் மாறாத மேசைகளில் துணி விரித்திருந்தார்கள். வீரர்கள் தம் படையைப் போட்டிக்கென்று விளையாட்டிலேயே பதிவுசெய்ய வேண்டும். வெட்டுப் பிரிவின் ஹஸன் பதிவுசெய்தான், பச்சைக்குறி வந்தது. பேக்கிங் பிரிவின் வசந்த் பதிவுசெய்தான், பச்சைக்குறி வந்தது. தேவகி பதிவுசெய்தாள், சிவப்புக்குறி வந்தது. மீண்டும் அழுத்தினாள், மீண்டும் சிவப்பு.

ஜெயப்பிரகாஷ் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாமே ரெண்டு ரெண்டா வெச்சிருக்கீங்க? ஒரே பூதம் ரெண்டு வரக்கூடாது. ஆறும் வேற வேறயா இருக்கணும். ரூல்ஸ்ல இருக்கே."

"எந்த ரூல்ஸு சார்?"

"அனுப்பினேனே. நீங்கதான் முதல்ல கும்பிடு போட்டீங்க."

தேவகி நிமிர்ந்து அமர்ந்தாள். "சார், நாம இன்னா கம்பெனி சார்? ஒத்தக் கால் ஷூவ யாராச்சும் வாங்குவாங்களா?"

"இது ஷூ இல்லம்மா."

"பாக்கறதுக்கு அப்படித்தான் சார் தோணும்."

எதிர்மேசையிலிருந்து ஹஸன் சிரித்தான். "அக்கா சண்டைக்கு வரல சார். கடை போட வந்துருக்குது. அக்கா, எனக்கு ஒம்போதாம் நம்பர்ல ஒரு எரும காட்டுங்க!"

உணவுக்கூடம் முழுதும் சிரித்தது. கேணிப்பட்டுப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. தேவகி வேறு பூதம் ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பதை அவர்கள் அறிவர். ஜோடி சேராத அனைத்தையும் அவள் காட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். ஆறுக்குப் பதில் மூன்றோடு மோதலாம், அதற்கு விதி இடங்கொடுக்கிறது என்றார் ஜெயப்பிரகாஷ். ஆனால் எந்த மூன்று?

இங்கேதான் நடுவுநிலைமைக்குச் சோதனை வந்தது. இடத்தையும் வலத்தையும் இரு கண்போல் நோக்கியவளை, இரண்டில் ஒன்றைத் தள்ளு என்றார்கள். அவள் விரல் திரைக்கு மேலே இடத்துக்கும் வலத்துக்குமாக அலைந்தது. எந்த இடது செய்த பாவம் என்ன? எந்த வலது செய்த புண்ணியம் என்ன?

"ரெண்டு நிமிஷம்தாம்மா. ப்ரொடக்‌ஷன் வெயிட்டிங்" என்றார் ஜெயப்பிரகாஷ்.

பில்கிஸ் குனிந்து காதில் சொன்னாள்: "அக்கா, வலத வெக்கா. எங்க வூட்ல எந்தக் காரியமும் பிஸ்மில்லா சொல்லி வலதுலதான் ஆரம்பிப்போம்."

"எங்க வூட்லயும் மருமக வலது கால்தான் எடுத்து வெப்பா" என்று தேவகி மெல்ல ஒப்புக்கொண்டாள். சாத்திரம் இரண்டும் ஒத்துப்போனதால் மட்டுமே அவள் விரல் இறங்கியது. மூன்று இடதுகளும் நீங்கின. பச்சைக்குறி வந்தது.

முதற்போரில் எதிரி வசந்த். பேக்கிங் பிரிவில் அழகாகக் கட்டுவது தொழிலாதலால், அவன் அழகான பூதங்களாகப் பொறுக்கியிருந்தான். நாய்க்குட்டி போன்றது ஒன்று; பஞ்சுமிட்டாய் போன்றது ஒன்று. தேவகியின் மூன்றும் அவற்றை மிதித்துக்கொண்டு சென்றன. கேணிப்பட்டுப் பெண்கள் பெஞ்சின்மேல் ஏறினார்கள். ஜோதி விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதை அன்றுதான் ஆலை அறிந்தது.

இறுதிப்போர் ஹஸனோடு. ஹஸனின் படையைப் பார்க்கச் சகிக்காது. ஒன்று சொறித்தவளை, ஒன்று முட்கொடி, ஒன்று சேற்றுருண்டை, ஒன்றுக்கு வாலே இல்லை. ஒரே தோலில் எங்கே எதை வெட்டினால் வீணாகாது என்று கணக்கிடும் வெட்டுப் பிரிவுக்காரன் அவன். எந்த இயல்பும் இருமுறை வராதபடி ஆறையும் அடுக்கியிருந்தான். தேவகியின் நீரெருமை முதலிரண்டை முட்டி வீழ்த்தியது. ஹஸன் முட்கொடியை ஏவினான். அது எருமையின் நீரைக் குடித்து எலும்பாக்கியது. கரிப்பல்லி வந்து முட்கொடியை எரித்தது. சொறித்தவளை வந்து பல்லியை நனைத்தது. இடிக்காகம் வந்து தவளையைப் பிளந்தது. கேணிப்பட்டுப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டனர். அப்போது சேற்றுருண்டை வந்தது. இடி மண்ணில் இறங்கி மறைந்தது. காகம் விழுந்தது.

ஹஸனிடம் இன்னும் இரண்டு எஞ்சியிருந்தன. தேவகியிடமும் மூன்று எஞ்சியிருந்தன, கைபேசியின் வேறொரு பக்கத்தில், போர்க்கோலத்தோடு, பயன்படாமல்.

வென்றவன் வரம் கேட்டான். "சார், கட்டிங்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வேணும் சார். வெயில் காலத்துல வெந்து போறோம்." நியாயமான வரம். குறை சொல்ல இடமில்லை. "பாசிட்டிவா கன்சிடர் பண்றோம்" என்றார் ஜெயப்பிரகாஷ். கைதட்டினார்கள். தேவகிக்குப் பங்கேற்புச் சான்றிதழும் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றும் வழங்கப்பட்டன. பாட்டிலின் மூடி பாட்டிலோடு நிறம் ஒத்துப்போகவில்லை. அன்று அதையும் அவள் வாய்திறந்து சொல்லவில்லை என்றால் துயரத்தின் ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

மாலைப் பேருந்து புறப்பட்டது. ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் தேவகி அமர்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஜோதி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"வுடுக்கா. நான் வூட்லயே இருந்து கடல உரிக்கிறேன். அதுவும் வேலதானே."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அழுது சொல்லியிருந்தால் தேவகி தாங்கியிருப்பாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சின்னசாமி எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னே திரும்பினார். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பெண்களை இறக்கிவிட்டால் மாலைவரை இவருக்குப் பணி, ஆலையின் கொட்டகையில் வண்டிக்கு நிழலாக இருப்பது. அந்த நேரம் முழுதும் பூத கேம். ஆலையின் எல்லைக்குள் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், ஆலையின் ஊழியரல்லர், எனவே ஊழியர் மகிழ்ச்சிக்கு உரியவரல்லர். போட்டியில் அவருக்கு இடமில்லை.

"இன்னாம்மா, தோத்துட்டியாமே? மூணு பூதம் சும்மாவே கெடந்துச்சாமே?"

"ஆமாண்ணா."

"எதெது? காட்டு பாக்கலாம்."

தேவகி கைபேசியை நீட்டினாள். சின்னசாமி பல்லியைப் பார்த்தார்; உதட்டைப் பிதுக்கினார். காகத்தைப் பார்த்தார், தலையசைத்தார். மூன்றாவதைப் பார்த்ததும் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார்.

"நீரெரும! அடியம்மா, இத எங்க புடிச்ச?"

"எங்க ஊரு ஏரில."

"ஒரு வருசமா தேடறேன்மா! பாலாறு பூரா சுத்திட்டேன். எங்கயும் கெடைக்கல. உன்னாண்ட ரெண்டு கீதே, இந்த இடத எனக்குக் கைமாத்திக் குடுத்துடேன். தங்கச்சியா நெனச்சிக் கேக்கறேன்."

"ஜோடியப் பிரிக்க மாட்டேண்ணா."

"தோத்துப்போன ஜோடிதானே?"

தேவகி கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திரையில் அந்த இடது எருமை, வலது எருமையின் பக்கத்தில், அதே கருமையில், அதே கொம்பு வளைவில் நின்றது. ஞாயிறு முழுதும் வெயிலில் நின்று சேர்த்த ஜோடி. இத்தனை ஆண்டுகளில் அவள் மேசையைவிட்டு ஒற்றைக்கால் ஒன்றும் வெளியேறியதில்லை. பக்கத்தில் ஜோதி சன்னலுக்கு வெளியே, மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஊருக்குள்ள வந்து எறக்கிவுட்டா தர்றேன்" என்றாள் தேவகி.

"வண்டி திரும்பாதும்மா. கோயிலாண்ட வளைவு..."

"அப்ப எருமையும் வராது."

ரயில் கடந்தது. கேட் உயர்ந்தது. பின்னால் லாரிகள் ஒலியெழுப்பின. சின்னசாமி எஞ்சினைக் கிளப்பவில்லை.

"வளைவுக்கு முன்னாடி எங்கனா எடம் கீதா?"

"பால் சொசைட்டி முன்னாடி கீது. கடல லாரியே திரும்புது."

"லாரியே திரும்புதா? அத யாரும் எனக்குச் சொல்லலியே!"

"மூணு மனுவுலயும் எழுதியிருந்துதுண்ணா."

"மனுவ யாரும்மா படிக்கறாங்க" என்று சொல்லி, சின்னசாமி வண்டியை எடுத்தார். அவ்வாலையின் நிர்வாக இயல் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

கூட்ரோட்டில் பேருந்து நிற்கவில்லை. மதுக்கடையின் முன்னே கவிஞர் குழாம் பெண்களை எதிர்நோக்கி நின்றது. பெண்களுக்குப் பதில் இரண்டு முகப்பு விளக்குகள் வந்தன. சாலையோரப் பள்ளத்தில் இறங்கி வழிவிட்டார்கள். மாந்தோப்பின் தாழ்ந்த கிளைகள் கூரையை உரசின. ஏரிக்கரையைக் கடந்து, பால் சொசைட்டியின் முன்னே, கேணிப்பட்டு வரலாற்றில் முதன்முறையாக ஆலைப் பேருந்து வந்து நின்றது. சின்னசாமி ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பினார். கிரேன் எதுவும் தேவைப்படவில்லை. ஜோதியின் தந்தை பால் கேனோடு வாய்பிளந்து நின்றார். மகள் படியிறங்கி அவர் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

தேவகி கடைசியாக இறங்கினாள். படியில் நின்றபடி கைமாற்றும் பொத்தானை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினாள். இடது எருமை அவள் திரையிலிருந்து மறைந்து சின்னசாமியின் திரையில் தோன்றியது. தோன்றிய அந்த நொடியில் அவர் கைபேசி அதிர்ந்தது, மீண்டும் அதிர்ந்தது. ஏரியிலிருந்து அவர் பெயரும் அறியாத நீர்ப்பூதங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

"அடேயப்பா! இன்னாம்மா இது ஊரா, சுரங்கமா!" என்றவர் அன்று வண்டியை எடுக்க வெகுநேரமாயிற்று. மறுவேலைநாள் யாரும் கேளாமலே வண்டி ஊருக்குள் வந்தது. அதற்கு மறுநாளும். கூடுதல் டீசலுக்கு ஒப்பந்தக்காரரிடம் அவர் என்ன காரணம் சொன்னார் என்பதை அவரும் இறைவனும் மட்டுமே அறிவர். இருவரும் வெளியிடப் போவதில்லை.

தீபாவளி வந்தது; போயிற்று. ஜோதி வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். மற்ற நான்கு வீடுகளிலும் பேச்சு அடங்கிவிட்டது. தை மாதம், காலணி வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, ஜெயப்பிரகாஷ் பால் சொசைட்டி முன்னே பேருந்து நிற்கும் படத்தைப் பெரிய திரையில் காட்டி, பெண் ஊழியர் பாதுகாப்புக்கு நிர்வாகம் மேற்கொண்ட முன்முயற்சி என்று விளக்கினார். ஆய்வாளர்கள் மெச்சிக் குறித்துக்கொண்டார்கள். அதே வாரத்தில் மூன்றாம் மனுவுக்கு இறுதி விடையும் வந்தது: பேருந்து ஊருக்குள் செல்வது சாத்தியமில்லை என்று நிர்வாகம் முடிவுசெய்திருக்கிறது. பேருந்தில் அமர்ந்துதான் பெண்கள் அதைப் படித்தார்கள். வெட்டுப் பிரிவின் காற்றாடி இன்னும் பரிசீலனையில் உள்ளது. வென்ற வீரனாகிய ஹஸன் இப்போது, மின்பிரிவுக்காரர் எந்தப் பூதத்தைத் தேடுகிறார் என்று மெல்ல விசாரித்து வருகிறான்.

தேவகியோ ஞாயிறுதோறும் ஏரி மடையருகே நிற்கிறாள். இடது எருமைகள் பல அகப்பட்டுவிட்டன. ஒன்றின் கொம்பு சற்றே நீளம். ஒன்றின் நிறம் சற்றே பழுப்பு. எல்லாவற்றையும் திரும்ப ஏரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போரில் ஜோடி தேவையில்லை என்று பில்கிஸ் அவளுக்கு எடுத்துரைப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

தேவகி நீடு வாழ்க. அவள் மனையில் விளக்கு மங்காதிருக்க. கோதண்டபாணியின் கொல்லையில் காலத்தே மழை பெய்து, கடலை காய்தோறும் மூன்று பருப்பாக முற்றுக. காட்டுப்பன்றி அவ்வரப்பை மறந்து போக. அடுப்பில் பால் பொங்குக, உலையில் சோறு பொங்குக, பேச்சில் மட்டும் எதுவும் பொங்காதிருக்க. அவ்வில்லத்தும் அவ்வூரிலும் உள்ள பெண்கள் வெளிச்சம் இருக்கையிலே வீடு சேர்க. அவர்களைக் காக்கும் கடமையுடையோர், பூதம் எதுவும் கைமாறாமலே, அக்கடமையைச் செய்யும் நாள் வருக. அந்நாள் வரும்வரை மலைமேல் உறையும் வேலவன் அவ்வில்லத்தாரைத் தன் கண்ணெதிரே வைத்துக் காக்க.